வாடகை வீட்டில் குளியலறைத் தரை கெட்டுப்போனால் என்ன செய்வது?

சிங்கப்பூருக்கு வந்து, அலைந்து திரிந்து ஒரு வீடு பிடித்து, சாமான்களை அடுக்கி முடித்திருப்பீர்கள். சில மாதம் போனதும் ஒருநாள் குளிக்கும்போது காலுக்கடியில் டைல்ஸ் ஒன்று லேசாக ஆடும். அல்லது எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத ஓர் ஈர நாற்றம் வரும். அல்லது குளியலறைக் கதவுக்கு வெளியே இருக்கும் மரத்தரை ஓரத்தில் கறுத்து, மிதித்தால் அமுங்கும். நிறைய பேர் அந்த இடத்தில் ஒரு கால்மிதியைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் முன்பணத்தில் கைவைக்க வைப்பது அந்தக் கால்மிதிதான்.

தரையைச் சரிசெய்ய வேண்டியது வீட்டுக்காரர், ஆனால் அது கெட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியது நீங்கள். சீக்கிரம் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், பழைய வீட்டின் தேய்மானமாக இருந்தது "வாடகைக்கு இருந்தவர் பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் கெட்டது" என்று மாறிவிடும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை ஒழுங்காகச் செய்வதற்கான வழிகள்தான்.

முதலில், கெட்டிருப்பது எது?

ஊரில் சொந்த வீடு என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு பூச்சு பூசச் சொல்லிவிடுவோம். இங்கே உங்கள் குளியலறைத் தரைக்கு அடியில் இன்னொரு குடும்பத்தின் குளியலறைக் கூரை இருக்கிறது. அடியில் கான்கிரீட் தளம், அதன்மேல் வாட்டர்புரூஃபிங் படலம், அதற்குமேல் சிமெண்டுப் பூச்சு, அப்புறம்தான் டைல்ஸ். டைல்ஸும் அவற்றுக்கு இடையில் அடைக்கும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை ஓரளவுக்குத்தான் தடுக்கும். உண்மையில் தண்ணீரை நிறுத்துவது அடியில் இருக்கும் அந்தப் படலம். அது வயதாகியோ ஓரங்களில் பிய்ந்தோ போனால், மேலே எத்தனை தடவை கிரவுட் போட்டாலும் தண்ணீர் தன் வழியைக் கண்டுபிடித்துவிடும்.

அடித்தளம் கான்கிரீட் என்பதால் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எச்டிபி) வீடுகளிலும், கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடுகளிலும் தரை "உளுத்துப்போவது" என்றால் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

டைல்ஸ் அடியில் பிடிப்பு விட்டுப்போவது ஒன்று. ஒரு வெள்ளி (டாலர்) காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் டைல்ஸ் "டக் டக்" என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் பிடிப்பு விட்ட டைல்ஸில் வெற்றுப் பெட்டியைத் தட்டிய மாதிரி ஓசை வரும். ஓரிரு டைல்ஸ் அப்படி ஒலித்தால் பதறத் தேவையில்லை. ஷவருக்குக் கீழேயும் தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சுற்றியும் வரிசையாக ஒலித்தால், கூடவே கிரவுட் உதிர்ந்து இடுக்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அடியில் தண்ணீர் தங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சிமெண்டுக்குள் இருக்கும் உப்பை ஈரம் கரைத்து மேலே கொண்டுவருவதால்தான் அந்தப் பொடி வருகிறது.

இரண்டாவது, வினைல் ஒட்டிய தரை. பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேல் மரம் மாதிரி தெரியும் வினைல் பலகையை ஒட்டி வாடகைக்கு விடும் பழக்கம் இப்போது இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஓரங்களில் சிலிகான் விட்டுப்போனதும் தண்ணீர் அடியில் புகுந்து வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். மிதிக்கும்போது சளக் என்று ஒரு சத்தம், ஓரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர், அதோடு ஒரு நாற்றம். மூலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் அடியில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கும். இதை நீங்களே பிய்க்க வேண்டாம், படம் மட்டும் எடுங்கள்.

மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது, ஆனால் யாரும் குளியலறையோடு சேர்த்துப் பார்க்காதது: கதவுக்கு வெளியே படுக்கையறைப் பக்கம் இருக்கும் பார்க்கெட் மரத்தரை. முதலில் கதவுநிலையை ஒட்டிய ஒரு மரச்சில் மட்டும் கறுக்கும். பிறகு பக்கத்துச் சில்லின் விளிம்பு மேலே எழும்பும், இடையில் இருக்கும் கோடு அகலமாகும், வெறுங்காலில் நடந்தால் அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கும். கதவுநிலையின் அடிப்பகுதியில் விரல் நகத்தை வைத்து அழுத்தினால் பெயின்டுக்குள் நகம் இறங்கும். குளித்துவிட்டு வரும்போது சொட்டும் தண்ணீர்தான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்வார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கதவுத்திட்டுக்கு அடியில் வாட்டர்புரூஃபிங் விட்டுப்போயிருந்தால், நீங்கள் சொட்டுத் தண்ணீர் சிந்தாவிட்டாலும் சிமெண்டுப் பூச்சின் வழியாக ஈரம் ஊர்ந்து வரும். கறுப்பு கதவின் முழு அகலத்துக்கும் ஒரே சீராக இருக்கிறதா, நீங்கள் கால் வைக்கும் இடத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முழு அகலத்துக்கும் இருந்தால் அடியிலிருந்து வருகிறது என்ற சந்தேகம் வலுக்கிறது.

லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீட்டின் மாடியில் அறை எடுத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய கடைவீடுகளில் மாடித்தரை மர உத்தரங்களின்மேல் நிற்பது உண்டு, அங்கே உளுத்துப்போவது என்றால் நிஜமாகவே உளுத்துப்போவதுதான். குளியலறைப் பக்கம் தரை தொய்ந்தாலோ, நடக்கும்போது ஆடினாலோ, அந்த இடத்தை அன்றைக்கே புழங்காமல் விட்டுவிட்டு உரிமையாளரைக் கூப்பிடுங்கள். கான்கிரீட் தரையில் காத்திருக்கிற மாதிரி இதில் காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன் இரண்டு எளிய சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, துவைக்கும் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். வீவக வீடுகளில் மீட்டர் வழக்கமாக வீட்டுக்கு வெளியே, நடைபாதை ஓரம் இருக்கும் பெட்டிக்குள் இருக்கும். எண்ணைப் படமெடுத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். யாரும் தண்ணீர் புழங்காதபோதும் எண் ஓடியிருந்தால் குழாய் எங்கோ கசிகிறது, அது தரைக்கடியிலோ சுவருக்குள்ளோ இருக்கலாம். அதைச் சரிசெய்ய உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும், பியூபி (தேசியத் தண்ணீர் அமைப்பு) இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. எஸ்பி குரூப் அனுப்பும் பில்லில் தண்ணீர் அளவு திடீரென்று ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கழிப்பறைத் தொட்டிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால்மணி நேரம் விட்டுப் பாருங்கள். பீங்கானுக்குள் நிறம் இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது. பீங்கானின் அடியைச் சுற்றி ஃபிளஷ் செய்த பிறகு மட்டும் ஈரம் வருகிறது என்றால், அங்கே இருக்கும் இணைப்பு விட்டிருக்கிறது. தரை நாறுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இரண்டும் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது குளிக்கும் தண்ணீர் டைல்ஸ் வழியாக இறங்குவதுதான். ஓட்டையை அடைத்துத் தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதை நீங்களே செய்யாதீர்கள். படலம் கிழிந்திருந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் சொட்டும். உரிமையாளருக்கும் கீழ்வீட்டுக்கும் தெரிவித்துவிட்டு, வேலைக்கு வருபவர் செய்ய வேண்டிய சோதனை அது.

இன்னொன்று. சில வீடுகளில் குளியலறை மூலையில் மேலிருந்து கீழாக ஒரு பெரிய கழிவுநீர்க் குழாய் ஓடும், பெரும்பாலும் பெட்டி கட்டி மறைத்திருப்பார்கள். பல வீடுகளுக்குப் பொதுவான அந்தக் குழாயில் கசிவு என்றால், வீவக புளோக்குகளில் அது பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு. ஈரம் அந்த மூலையிலிருந்துதான் தொடங்குகிறது என்றால் அதையும் படமெடுத்து வையுங்கள்.

படம், அப்புறம் செய்தி

தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று எடுங்கள். விரிசல் அல்லது கறுப்பின் பக்கத்தில் ஒரு காசை வைத்து எடுத்தால் அளவு தெரியும். ஆடும் டைல்ஸை வீடியோ எடுங்கள், சத்தமும் பதிவாகட்டும். குடிவந்த அன்று எடுத்த படங்கள் இருந்தால் தேடி எடுங்கள். அன்றே அந்தக் கறுப்பு இருந்ததாகத் தெரிந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

செய்தியை வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள், ஏஜெண்டுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஏஜெண்டு நல்லவராகவே இருந்தாலும், ஒப்பந்தம் கையெழுத்தானதோடு தன் வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சலிலும் அனுப்பினால் இன்னும் நல்லது. வீட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் சுருக்கமாக, கோபமில்லாமல் எழுதுங்கள். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் ஷவருக்குக் கீழே டைல்ஸ் ஆடுகிறது. இன்று காலைதான் கவனித்தேன். படங்களும் வீடியோவும் இணைத்திருக்கிறேன். எல்லாக் குழாய்களையும் மூடிப் பார்த்தேன், மீட்டர் ஓடவில்லை. அடியில் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக்குக் கசியலாம் என்று நினைக்கிறேன். இந்த வாரத்துக்குள் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்ல முடியுமா? மாலை ஏழு மணிக்குமேல் வீட்டில் இருப்பேன்."

கீழ்வீட்டுக்குக் கசியலாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஆடும் டைல்ஸைப் பற்றிக் கவலைப்படாத வீட்டுக்காரர்கூட, கீழ்வீட்டிலிருந்து புகார் வரும் என்றால் உடனே எழுந்து உட்காருவார். அவர் தொலைபேசியில் பதில் சொன்னால், "நீங்கள் இப்போது சொன்னபடி, சனிக்கிழமை ஆள் வருகிறார், சரிதானே ஆன்ட்டி?" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

அறை மட்டும் எடுத்திருப்பவர்கள் கவனிக்க: உங்களிடம் வாடகை வாங்குபவர் உண்மையான உரிமையாளர்தானா, அல்லது அவரும் வாடகைக்கு எடுத்து உங்களுக்கு விட்டிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் இருந்தால், குளியலறைத் தரையைவிடப் பெரிய தலைவலி உங்களுக்குக் காத்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

கையெழுத்துப் போட்டபோது யாரும் படிப்பதில்லை, இப்போது படியுங்கள். மூன்று இடங்கள் போதும்.

குடிவந்த முதல் 30 நாட்களில் தெரியவரும் பழுதுகளை உரிமையாளரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும். நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள் இருந்தால் இன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது சிறு பழுது விதி. ஒவ்வொரு பழுதுக்கும் முதல் 150 அல்லது 200 அல்லது 300 வெள்ளி வரை வாடகைதாரர் செலவு, அதற்குமேல் உரிமையாளர் செலவு என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். தொகை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். இது பல்ப், குழாய், கைப்பிடி மாதிரியான விஷயங்களுக்கு. கூரை, சுவர், தரை, உள்குழாய் போன்ற கட்டமைப்பை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் பொறுப்பு என்று பெரும்பாலும் தனியாக ஒரு விதி இருக்கும். வாட்டர்புரூஃபிங் போன தரையைச் சிறு பழுது என்று சொல்லி முதல் 300 வெள்ளியை உங்களிடம் கேட்டால், அந்தத் தனி விதியைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள்.

மூன்றாவது, "நியாயமான தேய்மானம் நீங்கலாக" என்ற சொற்றொடர். வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித்தர வேண்டும், ஆனால் இயல்பாகத் தேய்ந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதுதான் இதன் பொருள். இருபது வருடப் பழைய வாட்டர்புரூஃபிங் விட்டுப்போனது தேய்மானம். டைல்ஸ்மேல் நீங்கள் அம்மிக்கல்லைப் போட்டு உடைத்தது தேய்மானம் இல்லை.

முத்திரை வரி கட்டியாகிவிட்டதா என்றும் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தம் என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, இங்கே கையெழுத்தானால் 14 நாட்களுக்குள். வழக்கமாகக் கட்டுவது வாடகைதாரர்தான். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது என்பதால், இந்தச் சின்னச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். கட்டாமல் விட்டிருந்தால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம்.

ஆள் வரும்வரை

முடிந்தால் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாதீர்கள். நான்கறை வீடு என்றால் பெரும்பாலும் இரண்டு இருக்கும், இன்னொன்றில் குளியுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், கெட்ட இடத்தில் தண்ணீர் விழாத மாதிரி தள்ளி நின்று குளிப்பது, குளித்ததும் ரப்பர் தள்ளியால் தண்ணீரை ஓட்டைப்பக்கம் தள்ளிவிடுவது, கதவையும் சன்னலையும் திறந்து மின்விசிறியைத் திருப்பி வைப்பது, இவ்வளவுதான் செய்ய முடியும். வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையில் ஊற்றிக் குளிப்பதெல்லாம் தப்பில்லை, இங்கே குளியலறைத் தரை நனைவதற்காகக் கட்டியதுதான். தரையில் உட்கார்ந்து துணி அடித்துத் துவைப்பதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

பள்ளமான டைல்ஸில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கிக் கொசுவுக்கு ஒரு காசளவு தண்ணீர் போதும், சோதனைக்கு வரும் அதிகாரிகள் குளியலறைத் தரையையும் பார்ப்பார்கள், அபராதம் குடியிருப்பவருக்குத்தான்.

கறுப்பு போகட்டும் என்று ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. கிரவுட்டும் சிமெண்டும் ஆசிட்டில் கரையும், அதனால் இடுக்கு பெரிதாகும். அதைவிட ஆபத்து, ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் பிளீச்சையும் ஒரே நேரத்தில் ஊற்றுவது. குளோரின் வாயு கிளம்பும், கதவை மூடிய சின்னக் குளியலறையில் மூச்சுத் திணறிவிடும். பூஞ்சைக்கு நீர்த்த பிளீச் மட்டும் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிரவுட்டும் சிலிகானும் கிடைக்கும், ஒரு இடுக்கை அடைத்துவிடலாமே என்று தோன்றும். வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்று எழுதிய பிறகு செய்யலாம். அடியில் ஈரம் இருக்கும்போது மேலே அடைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரவும் வழியில்லாமல் போகும். என்னைக் கேட்டால், கீழ்வீட்டில் சொட்டாதவரை கைவைக்காமல் விடுவதே நல்லது. நாளைக்கு "நீ நோண்டியதால்தான் கெட்டது" என்ற பேச்சு வராது.

பார்க்க வந்தவரிடம் கேட்க வேண்டியது

வேலைக்கு வருபவர் பல நேரம் நம் ஊர்க்காரராகவே இருப்பார். அப்படியிருந்தால் ஒரு காபி கொடுத்து நேராகவே கேட்டுவிடலாம்.

"அண்ணே, இதை உடைச்சு எடுத்து வாட்டர்புரூஃபிங் அடிக்கப் போறீங்களா, இல்ல மேல பூசிட்டுப் போறீங்களா?"

"ஓனர் பூசத்தான் சொல்லியிருக்காரு தம்பி. ஆனா ரொம்ப நாள் தாங்காது."

இந்தப் பதில் வந்தால், அதை அப்படியே வீட்டுக்காரருக்கு எழுதிவிடாதீர்கள், பாவம் வேலைக்கு வந்தவர் பிழைப்பு கெடும். "மேலே பூசினால் எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் தருவார்கள்?" என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். உடைக்காமல் மேலே தடவும் ரசாயனப் பூச்சும், கீழ்வீட்டுக் கூரையில் துளையிட்டு ஊசிபோல் ஏற்றும் பாலியூரித்தேன் முறையும் சில இடங்களில் கசிவை நிறுத்தும். ஆனால் ஆடும் டைல்ஸையும் அடியில் ஊறிய பூச்சையும் அவை சரிசெய்யாது.

உடைத்துச் செய்வதென்றால் வீவக வீட்டில் சில விதிகள் உண்டு. குளியலறைத் தரையை மாற்ற வீவக அனுமதி வேண்டும், வீவக பட்டியலில் பதிவான புதுப்பிப்பு ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், விண்ணப்பிப்பது உரிமையாளர் தரப்பு. அதனால் நீங்களே ஆள்பிடித்து உடைக்கக் கூடாது, வீட்டுக்காரர் "நீயே செய், வாடகையில் கழித்துக்கொள்" என்றாலும் யோசியுங்கள். புளோக் கட்டி முடித்து மூன்று ஆண்டு ஆகாத புது வீட்டில் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை அகற்றவே கூடாது. உடைக்கும் சத்தம் வாரநாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரைதான், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கிடையாது. வீட்டில் இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குபவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடைப்பது சீக்கிரம் முடிந்துவிடும். பூச்சு காய்வது, வாட்டர்புரூஃபிங் அடுக்கடுக்காக அடிப்பது, தண்ணீர் நிறுத்திச் சோதிப்பது, பிறகு டைல்ஸ், கிரவுட் என்று எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வாரம் இழுக்கும். தண்ணீர் நிறுத்தும் சோதனையைத் தவிர்க்கவிடாதீர்கள். வேலையை முடித்துக்கொண்டு ஓடும் அவசரத்தில் முதலில் கழன்றுபோவது அதுதான். இருக்கும் ஒரே குளியலறையை உடைக்கிறார்கள் என்றால் அந்த நாட்களுக்கு வாடகையில் கழிவு கேளுங்கள், வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். குளிக்க நண்பர் வீடு இருக்கிறது, இல்லையென்றால் பக்கத்து நீச்சல் வளாகம் இருக்கிறது.

கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினால்

வரத்தான் போகிறார். கூரையில் மஞ்சள் வட்டம், பெயின்டு உரிதல், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "சாரி அங்கிள், உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டுக் கூரையின் படத்தைக் கேட்டு வாங்கி அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். அவரிடம் தவறு யார்மேல், செலவு யார் தருவார் என்று எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இரண்டு உரிமையாளர்களுக்கு இடையிலான விஷயம்.

வீவக வீடுகளில் கூரைக் கசிவைச் சரிசெய்வதில் மேல்வீட்டு உரிமையாளருக்கும் கீழ்வீட்டு உரிமையாளருக்கும் கூட்டுப் பொறுப்பு இருக்கிறது. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதி பெற்றால், செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதிப் பாதியை இரண்டு உரிமையாளர்களும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்வார்கள். வாடகைதாரரின் பங்கு என்று இதில் எதுவும் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம், சொல்லிப் பாருங்கள், செலவு குறைகிறது என்றால் மனசு மாறும். கொண்டோவில் இந்தத் திட்டம் கிடையாது. அங்கே கூரையில் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீவகவே நேரடியாக வாடகைக்கு விடும் வீடுகளில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். வீட்டுக்காரரே வீவகதான், கிளை அலுவலகத்தில் சொன்னால் போதும்.

வீட்டுக்காரர் அசையவே இல்லையென்றால்

வாடகையை நிறுத்தாதீர்கள். கோபத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் வாடகையை நிறுத்திய நொடியில் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்பதும் அதே கதைதான், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு இடமில்லை.

ஒரு வாரத்தில் பதில் இல்லையா, முதல் செய்தியின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது எழுதுங்கள். அதிலும் பதில் இல்லையா, எந்தத் தேதிக்குள் ஆள் வர வேண்டும் என்று ஒரு கெடு சொல்லி மூன்றாவது எழுதுங்கள், ஏஜெண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டில் கசிகிறது என்றால் கீழ்வீட்டுக்காரர் வீவகவுக்குப் புகார் கொடுப்பதுதான் விரைவான வழி, பெரும்பாலும் அதிலேயே வேலை நகர்ந்துவிடும்.

பணத் தகராறு என்று வந்தால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் தொடர்பான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்குள் கேட்கும் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி, இணையத்திலேயே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். படங்கள், தேதியோடு செய்திகள், முத்திரையிட்ட ஒப்பந்தம், மூன்றும் கையில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வேலை மாறுதலுக்காக வைத்திருக்கும் ஒப்பந்தமுறிவு விதியைக் குளியலறைக்குப் பயன்படுத்த முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள், முடியாது.

காலி செய்யும்போதும், அடுத்த வீடு பார்க்கும்போதும்

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் குளியலறையை நன்றாகக் காயவிட்டுப் படமெடுங்கள். பழுது பற்றி நீங்கள் அனுப்பிய முதல் செய்தியை வாட்ஸ்அப்பில் தேடி எடுத்துத் தயாராக வைத்திருங்கள். மரத்தரை கறுத்ததற்கு முழுத் தரையையும் மெருகேற்றும் செலவைக் கழிக்கப் பார்த்தால், எவ்வளவு பரப்பு கெட்டது, தரைக்கு எத்தனை வயது, ரசீது எங்கே என்று கேளுங்கள்.

அடுத்த வீடு பார்க்கப் போகும்போது ஏஜெண்டு வரவேற்பறையின் காற்றோட்டத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பார். அவரை அங்கேயே விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், கதவுநிலையின் அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது ஓட்டையை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். தலையைத் தூக்கிக் கூரையையும் பாருங்கள். பெயின்டு ஒரு இடத்தில் மட்டும் புதிதாக இருந்தால், "மேல்வீட்டில் கசிவு இருந்ததா?" என்று ஏஜெண்டைக் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.